நல்ல நேரத்தில் அழிந்த ஒன்பது கணினிகள்

ஒரு பொத்தானைக்கூடத் தொடாமல் ஒன்பது கணினிகளை ஒரே நிமிடத்தில் அழித்த சாதனை என்னுடையது. பொத்தான்களை அழுத்தியவர்கள் வேறு ஒன்பது பேர். அதுவும் முழுகி, பட்டுடுத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு அழுத்தினார்கள். நான் வாசலில் வெள்ளைச் சட்டையோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் நின்றேன். அந்தப் பழத்தை யாரிடம் கொடுத்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. குருநகரில் எங்கள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள், அல்லது கடலுக்குப் போனவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவர்கள். சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். தொழில்நுட்பக் கல்லூரியில் கணினியும் வலைப்பின்னலும் படித்துச் சான்றிதழ் எடுத்தபோது, அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மாதாவுக்கு எரிகிற சிவப்பு மின்குமிழின் வெளிச்சம் சான்றிதழிலும் விழும். (மாதா என்ன நினைத்தாவோ தெரியாது.)

வேலை கிடைத்தது நல்லூர்ப் பக்கம் ஒரு திருமண சேவை நிலையத்தில். பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுகிறவர்கள் சாதகக் குறிப்பையும் படத்தையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தொலைபேசியில் கரைச்சல் கொடுப்பார்கள். ஒன்பது மேசை, ஒன்பது கணினி, ஒன்பது பெண்கள். எல்லாருக்கும் மேலே முதலாளி சிவநேசன் சேர். எனக்கு மூன்று மாதம் பழகுநர் வேலை. அது முடிகிற வாரத்தில், நிரந்தரக் கடிதம் தருவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று சேர் முடிவு சொல்வார். அம்மா அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. "என்ரை மகன் கந்தோரிலை கொம்பியூட்டர் ஒபிசர்" என்று கோயிலில் இரண்டு பூசைக்கு வந்த சனத்துக்கும் சொல்லிவிட்டார்.

அந்தக் கணினிகளின் நிலைமையைச் சொல்ல வேண்டும். ஒன்று எழும்புவதற்குள் தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். இன்னொன்றில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும். மூன்றாவதில் எதைத் திறந்தாலும் ஒரு சீட்டாட்ட விளம்பரம் வந்து நிற்கும். சேர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி யூட், உதுகளைத் துப்புரவாக்க எத்தினை நாள் வேணும்?"

ஒன்றுக்கு ஒரு நாள் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் கல்லூரியில் கடைசித் தவணையில் படித்த ஒன்றைக் காட்ட ஆசைப்பட்டேன்.

"ஒரு மணித்தியாலம் காணும் சேர். ஒன்பதும் ஒண்டாய்."

விசயம் இதுதான். ஒரு கணினியைப் புதிதாக, அழகாகத் தயார்செய்து, அதன் வட்டில் இருப்பதை அப்படியே அச்சு எடுத்து, சேர்வர் என்கிற நடுக் கணினியில் வைக்க வேண்டும். பிறகு மற்றக் கணினிகளை எழுப்பும்போது, அவை தங்கள் வட்டைப் பார்க்காமல் முதலில் வலைப்பின்னலைப் பார்த்து, "எனக்கு ஏதும் வேலை இருக்கோ?" என்று சேர்வரைக் கேட்கும். இருந்தால், தம் வட்டில் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டு அந்த அச்சை இறக்கிக்கொள்ளும். ஒன்பதும் ஒரே பிரசவத்தில் பிறந்த மாதிரி இருக்கும்.

அதற்கு ஒவ்வொரு கணினியையும் தயார்படுத்த ஒரு வாரம் மேசை மேசையாகப் போனேன். எழும்பும்போது ஒரு விசையைத் தட்டி, நீலத் திரைக்குள் போய், "முதலில் வலைப்பின்னல்" என்று மாற்றினேன். ஒவ்வொன்றின் வலைப்பின்னல் அட்டைக்கும் தொழிற்சாலையில் கொடுத்த இலக்கம் ஒன்று உண்டு. அதையும் அப்பியாசக் கொப்பியில் எழுதினேன்.

தவமலர் அக்கா எட்டிப் பார்த்தார். பதினொரு வருடமாகக் குறிப்புகளை உள்ளிடுகிறவர் அவர்தான். யாழ்ப்பாணத்துக் கலியாணங்களில் பாதி அவருடைய விரல் வழியாகப் போனவை.

"உதென்ன தம்பி எழுதுறாய்?"

"ஒவ்வொண்டுக்கும் பிறக்கேக்கை குடுத்த இலக்கம் அக்கா. அது மாறாது."

"அப்ப இதுக்கும் குறிப்பு இருக்கெண்டு சொல்லு. எட்டிலை செவ்வாய் இருக்கோ எண்டும் பார். அதுதான் உது எழும்பாமல் கிடக்குது."

மின்சாரம் போனால் இறக்கம் இடையில் நின்றுவிடும் என்று எங்கள் ஆசிரியர் எச்சரித்திருந்தார். அதனால் சேரிடம் மன்றாடி, ஒன்பது கணினிக்கும் சேர்வருக்கும் வலைப்பின்னல் பெட்டிக்கும் மின்கலப் பெட்டி பூட்டுவித்தேன். இறக்குவதற்கு முன் "சரியா, இல்லையா?" என்று கேட்கிற ஒரு கேள்வியும் இருந்தது. ஒன்பது மேசைக்கும் ஓடி ஓடி "சரி" என்று தட்ட வேண்டுமே என்று அதையும் எடுத்துவிட்டேன். அதாவது ஒன்றும் தடுக்கக்கூடாது, யாரும் கேட்கக்கூடாது, எதனாலும் நிற்கக்கூடாது. இவ்வளவு பக்குவமாக ஒரு விபத்தை வேறு யாரும் தயாரித்திருக்க முடியாது.

சரஸ்வதி பூசையான வாணி விழா அன்று காலை வேலை முடிந்தது. சேர்வரில் ஒன்பது கணினிகளையும் தெரிவுசெய்து, "அடுத்த முறை எழும்பும்போது அச்சை இறக்கு" என்று கட்டளை கொடுத்தேன். வரிசையாக ஒன்பது பச்சைக் குறிகள் விழுந்தன. கணினிகள் அப்போது ஓடிக்கொண்டிருந்தபடியால் ஆபத்தில்லை. மத்தியானம் பட்டணத்துக்குப் போய் ஒரு பெரிய வெளிவட்டு வாங்கிவந்து, எல்லாருடைய கோப்புகளையும் அதில் பிரதி எடுத்துவிட்டு, கடைசியில் நானே ஒவ்வொன்றாக நிறுத்தி எழுப்புவதுதான் திட்டம்.

வட்டோடு திரும்பிவந்தபோது கந்தோர் முழுக்கச் சாம்பிராணி மணத்தது. ஒன்பது கணினிகளும் நிறுத்தப்பட்டு, சந்தனம் குங்குமம் வைக்கப்பட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு செவ்வரத்தம்பூவோடு இருந்தன. முன்னால் கும்பம். நான் போய் வெளிவட்டைச் செருக முதலாவது கணினியில் கை வைத்தேன்.

"தம்பி, கையை எடு." தவமலர் அக்கா. "பூசையிலை வைச்சாச்சு. இனித் தொடக்கூடாது."

"அஞ்சு நிமிசம் அக்கா. கோப்பு மட்டும்."

"படிக்கிற பிள்ளையளே இண்டைக்குப் புத்தகம் தொடாதுகள்."

"அப்ப எப்ப வரைக்கும் தொடக்கூடாது?"

"விஜயதசமிப் பூசை வரைக்கும் ஒருத்தரும் தொடமாட்டம். நீ பயப்பிடாமல் போ."

நான் கத்தோலிக்கன். தவக்காலத்தில் மாமிசம் தொடக்கூடாது என்றால் பெருநாள் வரை தொடக்கூடாது, பிறகு ஆறுதலாக, அவசரமில்லாமல் தொடலாம். எனக்குத் தெரிந்த தொடாமை அவ்வளவுதான். "ஒருத்தரும் தொடமாட்டம்" என்பதை நான் முழு மனதோடு நம்பினேன். விஜயதசமியில் பூசை முடிந்த கையோடு அதே கருவிகளைத் தொட்டுத் தொழிலைத் தொடங்குவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததும் நியாயம்தான். சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா?

சேர்வரில் அந்தக் கட்டளையை நீக்க இரண்டு சொடுக்குப் போதும். சேர்வர் இருந்த அறைக்குள் போய் நின்று திரையைப் பார்த்தேன். ஒன்பது பச்சைக் குறிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. கலைக்க மனம் வரவில்லை. பூசையெல்லாம் முடிந்த மறுநாள் விடிய வந்து நீக்கலாம், பிரதி எடுக்கலாம், திரும்பக் கட்டளை கொடுக்கலாம் என்று சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

விஜயதசமி காலையில் சேர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பூசைக்குக் கட்டாயம் வா தம்பி. இந்த முறை உன்ரை கொம்பியூட்டருக்குத்தான் பூசை." அம்மா சட்டையை அழுத்தி மினுக்கித் தந்து, "சைவச் சனத்தின்ரை பூசைக்கு வெறுங்கையோடை போகாதை" என்று அந்த வாழைப்பழச் சீப்பையும் தந்து விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது, ஒன்பது பேரும் அவரவர் கதிரையில், அவரவர் கணினிக்கு முன்னால் பட்டுச் சேலையில் இருந்தார்கள். பூக்களை எடுத்தாயிற்று. சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். சேர் கையில் மணியோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அக்கா, ஏன் எல்லாரும் கதிரையிலை இருக்கிறியள்?"

"பத்துப் பதினெட்டுக்கு நல்ல நேரம். எல்லாரும் ஒண்டாய்ப் போடுறது." தவமலர் அக்கா சொன்னார். "வருசா வருசம் நான் முதல் ஒரு குறிப்பு அடிச்சுத் தொடங்கிறனான்."

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்துப் பதினேழு.

"போடாதேங்கோ" என்று சொன்னேன். நாதஸ்வரத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சேர், ஒரு நிமிசம்."

"நிமிசம் இல்லைத் தம்பி, நேரம் போகுது" என்று சொல்லிவிட்டு சேர் மணியை அடிக்கத் தொடங்கினார். ஒன்பது பேரும் கண்ணை மூடினார்கள். ஒன்பது விரல்கள் நீண்டன.

கணினிகள் ஒன்பதும் ஒரேயடியாக எழும்பின. அவை அவ்வளவு வேகமாக எழும்பியதை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஒன்பதும் சேர்வரைப் பார்த்து, "எனக்கு ஏதும் வேலை இருக்கோ?" என்று கேட்டன. சேர்வர் இருக்கிறது என்றது. ஒன்பது திரைகளிலும் ஒரே நேரத்தில் ஒரே நீலம். ஒன்பதிலும் ஒரே கோடு, இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது.

"பாருங்கோவன், எல்லாத்திலையும் ஒரே மாதிரி வருது" என்றார் ஒருவர். கை தட்டினார்கள். சேர் மணியை வைத்துவிட்டு என் தோளில் தட்டினார். "கெட்டிக்காரன். நல்ல நேரம் பாத்து வேலையைக் காட்டிப் போட்டாய்."

உள்ளே எது முதலில் அழியும் என்று படித்திருந்தேன். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற வரைபடம்தான் முதலில் போகும். அது போய் அப்போதே அரை நிமிடம். அது தெரிந்தும், தெரியாதவன் மாதிரி ஓடினேன். சுவரில் இருந்த பிரதான சுவிச்சை இழுத்து விழுத்தினேன்.

மின்விசிறி நின்றது. விளக்குகள் அணைந்தன. நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. கணினிகள் நிற்கவில்லை. நானே மன்றாடிப் பூட்டுவித்த மின்கலப் பெட்டிகள் ஒன்பதும் "கீக், கீக்" என்று கத்திக்கொண்டு அவற்றைத் தாங்கின. கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

"கரண்ட் போயும் ஓடுது பாத்தியளோ" என்றார் சேர், தழுதழுத்த குரலில். "உதுதான் அம்பாளின்ரை அருள்." அருகில் இருந்த இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் வாசல் பக்கம் இருந்தவர், பிரதான சுவிச் விழுந்து கிடக்கிறது என்று கண்டு அதைத் தூக்கிவிட்டார். நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

என் கையில் யாரோ அவித்த கடலை வைத்தார்கள். நான் சாப்பிட்டேன். பாவமன்னிப்புக் கேட்கப் போகிறவன் வாயில் கடலையோடு நின்றேன்.

பதினொரு நிமிடத்தில் கோடு வலப்பக்கத்தைத் தொட்டது. கணினிகள் தாமாகவே நின்று எழும்பின. வெறும் நீல வானம் மாதிரிப் பின்னணி. ஒரு குப்பைத் தொட்டிப் படம். வேறொன்றும் இல்லை.

"எவ்வளவு துப்புரவு" என்றார் சேர்.

தவமலர் அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குனிந்தார். திரையில் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தேடினார்.

"தம்பி, என்ரை குறிப்புகளை எங்கை வைச்சனீ?"

அக்கா குப்பைத் தொட்டிப் படத்தையும் திறந்து பார்த்தார்.

"இருவத்தேழு நட்சத்திரத்துக்கும் இருவத்தேழு பெட்டி வைச்சிருந்தனான். அச்சுவினி, பரணி, கார்த்திகை எண்டு. எங்கை அது?"

"இல்லை அக்கா."

"இல்லையெண்டால்?"

"அழிஞ்சு போச்சு."

இரண்டு சொல்லும் என் வாயிலிருந்து தனித்தனியாக விழுந்தன. சேர் திரும்பினார்.

"எது அழிஞ்சது? பரணியோ?"

"எல்லாம் சேர்."

"எல்லாம் எண்டால், அக்காவின்ரை கொம்பியூட்டரிலையோ?"

"ஒன்பதிலையும் சேர். நான் பிரதி எடுக்கேல்லை. எடுக்க வரேக்கை பூசையிலை வைச்சிட்டியள். ஒருத்தரும் தொடமாட்டியள் எண்டு நினைச்சன்."

சேர் மெதுவாக ஒரு கதிரையைப் பிடித்து அமர்ந்தார். தவமலர் அக்கா அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. விசைப்பலகையில் வைத்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பதினொரு வருடம். அவர் என்னை ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அப்போது தொலைபேசி அடித்தது. தொரொன்ரோ. தங்கள் மகனுக்குப் பார்த்த நாலு இடத்தில் எது பொருந்துகிறது என்று கேட்கிறார்கள். தவமலர் அக்காதான் பதில் சொன்னார்.

"ஓம் அம்மா. ஓம். இப்ப கிரகம் பெயருது. நாங்கள் இப்ப ஒண்டும் சொல்லக்கூடாது. ஒரு ரெண்டு கிழமை பொறுங்கோ."

அந்த இரண்டு கிழமையும் எங்கள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்த எல்லாருக்கும் கிரகம் பெயர்ந்தது. (நான்தான் அந்தக் கிரகம்.)

மீட்கும் மென்பொருள்களைப் போட்டு மூன்று நாள் வட்டுகளைக் கிண்டினேன். ஆவணங்கள் கிழிந்த துண்டுகளாக வந்தன. படங்கள் முழுதாக வந்தன, ஆனால் பெயரில்லாமல், வெறும் இலக்கங்களாக. ஆயிரக்கணக்கான மாப்பிள்ளைகளும் பெண்களும் யார் யாரென்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நாலாம் நாள் தவமலர் அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார்.

"அடுத்ததைக் காட்டு. ம். இது கொடிகாமம். பூரட்டாதி. தகப்பன் வாத்தியார். அடுத்தது. இந்தப் பெடியன் லண்டன், சுவாதி. தலை வழுக்கை, அதுதான் தொப்பியோடை எடுத்தது. எழுதினியோ?"

"எழுதினன் அக்கா."

"சுன்னாகம். ஆயிலியம். பாவம், மாமிக்கு ஆகாத நட்சத்திரமெண்டு வந்த இடமெல்லாம் மாமி இல்லாத வீடாய்ப் பாக்கச் சொல்லி நிக்குதுகள். அடுத்தது."

பாதிக்கு மேல் அவர் படத்தில் உள்ள முகத்தை வைத்தே சொன்னார். மிச்சத்துக்கு அலுமாரிகளில் காகிதக் குறிப்புகள் இருந்தன. எல்லாவற்றையும் முதலிலிருந்து உள்ளிட வேண்டும். அன்று பின்னேரம் நான் சேரிடம் போனேன்.

"சேர், நான் நாளையிலையிருந்து வரேல்லை."

"ஏன்?"

"எப்பிடியும் என்னை நிப்பாட்டப் போறியள்."

"உன்னை நிப்பாட்டினால் உவ்வளவையும் ஆர் அடிக்கிறது? உன்ரை அப்பரோ?" சேர் தலை நிமிரவில்லை. "முதல் அடிச்சு முடி. பிறகு நிப்பாட்டுறன்."

வீட்டில் சொல்லாமல் ஒரு கிழமை ஒளித்தேன். பிறகு சொன்னேன். அம்மா நிமிர்ந்து சுவரில் சான்றிதழைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், குசினிக்குள் போய்விட்டார். அப்பா வலை பொத்துகிற ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நான் பிறந்த நாளிலிருந்து அவர் சிரித்துக் காணாத ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"என்ரை வலை அறுந்தால் நாலு மீன்தான் போகும். உவன் ஊரிலை இருக்கிற பெட்டையளின்ரை கலியாணம் எல்லாத்தையும் அறுத்து விட்டிட்டு வந்து நிக்கிறான்."

அன்று தொடங்கியது கேலி. அம்மாவின் தம்பி சூசை மாமாதான் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனவர். ஊரில் எவனுக்காவது கலியாணம் தள்ளிப்போனால், "யூட் சுவிச்சைப் போட்டிட்டான் போலை" என்பார். இறங்குதுறையில் என்னைக் கண்டால் நாலு படகுக்குக் கேட்கக் கூப்பிடுவார்: "சாத்திரியார், இண்டைக்கு மீன் படுமோ?"

குறிப்புகளை உள்ளிட்டு முடிக்க ஏழு மாதம் எடுத்தது. மூன்றாம் மாதத்தில் நான் அட்டவணையைப் பார்க்காமலே நட்சத்திரங்களை வரிசையாகச் சொன்னேன். ஐந்தாம் மாதத்தில் ஒரு குறிப்பை அடித்துக்கொண்டு போகும்போது, "அக்கா, இது நேற்று அடிச்ச சாவகச்சேரிப் பெடியனுக்குப் பொருந்துமெல்லே?" என்று கேட்டேன். தவமலர் அக்கா இரண்டையும் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு சேரிடம் கொண்டுபோனார். அந்தக் கலியாணம் நடந்தது. ஏழாம் மாத முடிவில் சேர் என்னை நிப்பாட்ட மறந்துவிட்டு, நிரந்தரக் கடிதத்தைத் தந்தார். பதவி: பொருத்தப் பகுதி உதவியாளர். கணினி என்ற சொல் அந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அம்மா அதையும் சட்டம் போட்டார், ஆனால் சாத்திரம் பார்ப்பது பாவமென்று கோயில் பாதர் பிரசங்கத்தில் சொல்வதால் மாதாவுக்குப் பக்கத்தில் மாட்டத் துணிவில்லாமல் அலுமாரிக்குப் பின்னால் மாட்டினார்.

இப்படியாக, குருநகரிலே செவ்வாய்க் குற்றம் பார்க்கத் தெரிந்த ஒரே கத்தோலிக்கன் நான். இது எங்கள் சொந்தத்தில் ஒவ்வொரு விருந்திலும் சொல்லப்படுகிறது. போன பெருநாள் விருந்திலும் சூசை மாமா கதிரையில் ஏறி நின்று, மணி அடித்து, கண்ணை மூடி, விரலை நீட்டி எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கோப்பைகளைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். மாமா பின்னாலேயே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் ஈரக் கையில் வைத்தார். அவருடைய மூத்த மகளின் பிறந்த திகதி, பிறந்த நேரம், ஆசுப்பத்திரி. கீழே அதே கையெழுத்தில் ஒரு பையனுடையதும்.

"ஆறுதலாய்ப் பாத்துச் சொல்லு" என்றார். "பாதர் கேட்டால், நான் உன்னோடை படகு எஞ்சின் பற்றிக் கதைச்சனான்."